சொத்தை முன்பல்லுக்கு வெனீரா, அடைப்பா, கேப்பா?

வெனீர் என்ற சொல்லை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பல் டாக்டர் இல்லை, சேலத்தில் எங்கள் மரப்பட்டறை. பிளைவுட்டின் மேல் அரை மில்லிமீட்டர் தேக்குச் சீவலை ஒட்டிப் பாலிஷ் ஏற்றினால் அலமாரி முழுத்தேக்கு போல நிற்கும். அந்தச் சீவலுக்குத்தான் வெனீர் என்று பேர். ஒட்டுவதற்கு முன் மேஸ்திரி விரல் முட்டியால் பலகையைத் தட்டுவார். ஓசை மழுங்கி வந்தால் உள்ளே ஊறியிருக்கிறது, அல்லது பூச்சி அரித்திருக்கிறது. பேசாமல் அந்தப் பலகையை ஓரமாகச் சாய்த்துவிட்டு வேறொன்றை எடுப்பார்.

போன வருடம் என் மேல்வரிசை முன்பற்களின் முகப்பிலும் அதே போல மெல்லிய பீங்கான் வெனீர் ஒட்டலாம் என்று ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். பேக்கேஜ் விலை சொன்னார்கள், போட்டுக்கொண்டவர்களின் சிரிப்புப் படங்களைக் காட்டினார்கள். தட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

என் பல்லின் நிலவரம் இது. நடு இரண்டு பற்களும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் பழுப்பு முக்கோணம். இடப்பக்கம் அடுத்த பல் சாம்பல் பூத்திருந்தது. பின்புறம் நாக்கை வைத்தால் குழி தட்டுப்படும். வலப்பக்கம் அடுத்த பல்லில் ஈறோரமாக சுண்ணாம்புக் கோடு மாதிரி ஒரு வெள்ளை. கோரைப்பற்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். கல்யாண ஆல்பங்களில் எல்லாம் நான் உதட்டை மூடிக்கொண்டு, ஏதோ கோபத்தில் இருப்பவன் போல நிற்பேன்.

மூன்று இடத்தில் கேட்டேன். முதல் இடத்தில் ஆறு பல்லுக்கும் ஈமேக்ஸ் என்ற கண்ணாடிப் பீங்கானில் வெனீர், பல்லுக்கு 12,000 வீதம் 72,000 ரூபாய், இரண்டே சிட்டிங். எக்ஸ்ரே எடுக்கவில்லை. இரண்டாவது இடத்தில் நான்கு பல்லையும் சுற்றிலும் சீவி, பல்லை முழுக்க மூடும் தொப்பியாக, ஜிர்கோனியா என்ற கெட்டிப் பீங்கானில் கேப், 36,000. மூன்றாவது, எங்கள் பக்கத்துத் தெருவில் நெடுங்காலமாகப் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. அவர் விலையே சொல்லவில்லை. “முதல்ல சொத்தை எவ்வளவு போயிருக்குன்னு பாத்துடலாம். அதை எடுத்து முடிச்சப்புறம்தான் எவ்வளவு பல் மிச்சம்னு எனக்கே தெரியும்” என்றார்.

இந்த மூன்றாவது பேச்சுதான் சரியான தொடக்கம் என்று இப்போது எனக்குத் தெரியும். சொத்தை விழுந்த முன்பல்லுக்கு வெனீர் நல்லதா, கேப் நல்லதா என்று மொட்டையாகக் கேட்டால் எந்தப் பதிலும் உதவாது. சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் முன்பக்கத்தில் எனாமல் என்ற கெட்டி வெளி ஓடு எவ்வளவு நிற்கிறது, நரம்பு உயிரோடு இருக்கிறதா, இந்த இரண்டும் தெரியவேண்டும். அதுவும் பல்லுக்குப் பல் தனித்தனியாக.

டாக்டரம்மா அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சின்ன டார்ச்சை என் நடுப்பற்களின் பின்னால் பிடித்து, கையில் கண்ணாடியைக் கொடுத்தார். நல்ல பல் பால் கலந்த கண்ணாடி போல வெளிச்சத்தை விட்டது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் ஒரு நிழல். வெளியே தெரிந்த பழுப்பைவிட அந்த நிழல் இரண்டு மடங்கு இருந்தது. இடப்பக்கப் பல் மொத்தமுமே மங்கலாக இருந்தது. பிறகு குளிர் ஸ்பிரே அடித்த பஞ்சை ஒவ்வொரு பல்லிலும் வைத்தார். மற்றதெல்லாம் சுரீரென்று கூசியது. அந்தச் சாம்பல் பல்லில் ஐஸ் வைத்ததே தெரியவில்லை. எக்ஸ்ரேயில் அதன் வேர் நுனியைச் சுற்றி மிளகளவு கருப்பு. நரம்பு செத்து, உள்ளே சீழ் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வலியே இல்லாததால் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பல்லின் மேல் 12,000 ரூபாய் ஈமேக்ஸ் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முகப்பு பளபளவென்று இருக்கும், பின்னால் சீழ் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பூசி மெழுகுவது என்பது வேறென்ன. வெனீர் பல்லின் முகப்பை மட்டும்தான் மூடும். நுனியில் கொஞ்சம் மடங்கும். பக்கச் சுவரும் முதுகும் வெறும் பல்தான். பீங்கானுக்குச் சொத்தை வராது, ஆனால் பீங்கானும் பல்லும் சேரும் விளிம்பில் தாராளமாக வரும். வந்தால் முன்பக்கமிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் கூடுதல் தொல்லை.

ஒட்டு எதில் பிடிக்கும்

பட்டறைக்காரன் என்பதால் எனக்கு இந்த இடம் உடனே புரிந்தது. பல்லில் வெனீர் நிற்பது ஆணியாலோ பள்ளத்தாலோ அல்ல, முழுக்க ஒட்டினால். 1955-இல் மைக்கேல் புவோனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் எனாமலில் பாஸ்பாரிக் அமிலம் தடவினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகி, பிசின் உள்ளே ஊடுருவிப் பிடித்துக்கொள்ளும் என்று காட்டினார். அதற்கும் முன்னால், 1930களில், ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் நடிகர்களுக்கு ஒட்டிய வெனீர், பல் செட் ஒட்டும் பவுடரில் நின்றது. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். 1980களின் தொடக்கத்தில் பீங்கானின் உட்புறத்தையும் அமிலத்தால் சொரசொரப்பாக்கி ஒட்டக் கற்ற பிறகுதான் வெனீர் நிரந்தர வைத்தியம் ஆனது.

ஆக, எனாமல் இருந்தால்தான் அந்தப் பிடிப்பு. முன்பல்லில் அது நுனிப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் வாக்கில் இருக்கும், ஈறை நெருங்க நெருங்க அரை மில்லிக்கும் கீழே மெலிந்துவிடும். வெனீர் போட முகப்பில் அரை மில்லி போலச் சீவுவார்கள். ஏற்கெனவே சொத்தை தின்ற இடத்தில் எனாமல் போய் உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் வெளியே வந்திருக்கும். டென்டினில் ஈரம் ஓடும் நுண்குழல்கள் உண்டு. ஈரப்பலகையில் பெவிகால் போட்ட கதைதான். பிடிக்கும், ஆனால் வருடக்கணக்கில் தளரும். நல்ல எனாமலில் ஒட்டிய பீங்கான் வெனீர் பத்து, பதினைந்து வருடம் நிற்பது சாதாரணம். பாதி முகப்பு டென்டினும் பழைய அடைப்புமாக உள்ள பல்லில் அதே ஆயுளை எதிர்பார்க்கக் கூடாது.

அடைப்பு: எல்லாரும் ஏளனமாகப் பார்ப்பது

பல்லின் நிறத்திலேயே காம்போசிட் என்ற பிசின் பசையை வைத்து அடைப்பதற்கு எனக்குச் சொன்ன விலை பல்லுக்கு 1,500. விலை குறைவு என்பதாலேயே இதை ஏழைகளின் வைத்தியம் போல விளம்பரங்கள் நினைக்க வைக்கின்றன. எனக்கு நடந்ததைப் பார்த்தால் இதில்தான் கைத்திறன் அதிகம்.

முதலில் நிறம் பார்த்தார். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும், அதனால் வாயில் எச்சில் ஈரம் இருக்கும்போதே ஷேட் அட்டையை வைத்துப் பார்க்கவேண்டுமாம், எனக்கு ஏ3. பிறகு சொத்தையை மிஷினிலும், கடைசியில் ஒரு குட்டிக் கரண்டியிலும் சுரண்டினார். நைந்த மரத்தை உளியால் வழிக்கிற அதே சத்தம், அதே மாதிரிச் செதிலாக வந்தது. கெட்டிப் பல் தட்டுப்பட்டதும் கரண்டி ‘கிரீச்’ என்றது. அங்கே நிறுத்திவிட்டார். இரண்டு பல்லுக்கும் நடுவே கண்ணாடித்தாள் போன்ற பட்டையைச் செருகி, பசையை மெல்லிய அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் நீல விளக்கு காட்டி உறைய வைத்தார். கடைசியில் உப்புத்தாள் வட்டுகள், முரடிலிருந்து நைஸ் வரை நான்கு நம்பர். பட்டறையில் நாங்கள் செய்கிற அதே வரிசை.

இதன் பெரிய லாபம், நல்ல பல்லைத் தொடவேண்டியதில்லை. சொத்தை போன இடம் மட்டும் நிரம்புகிறது. முனை உடைந்தால் அதே இடத்தில் ஒட்டுப்போடலாம், நாளைக்கு வெனீர் வேண்டுமென்றால் அந்த வழியும் அடைபடாது. நஷ்டமும் சொல்லிவிடுகிறேன். டீ, காபிக் கறை விளிம்பில் ஏறும், பளபளப்பு மங்கும், ஐந்தாறு வருடத்தில் புதுப்பிக்க வேண்டிவரலாம். கேமரா ஃபிளாஷில் உற்றுப் பார்த்தால் அடைத்த இடம் லேசாகத் தெரியும். அழகில் நல்ல பீங்கானோடு இது போட்டிபோட முடியாது. அது உண்மை.

காம்போசிட்டையே முகப்பு முழுக்கப் பூசுவது காம்போசிட் வெனீர். ஒரே சிட்டிங், 4,000 ரூபாய். சொத்தையோடு பல் நிறமும் வடிவமும் உறுத்துகிறவர்களுக்கு, அதிலும் இருபதுகளில் இருப்பவர்களுக்கு, பீங்கானுக்குத் தாவுமுன் இது நல்ல ஒத்திகை. ஆனால் கறை முகப்பு முழுவதும் ஏறும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

பீங்கான் வெனீர் எப்போது சரி

மேலே இவ்வளவு குறை சொன்னதால் நான் வெனீருக்கு விரோதி என்று நினைக்க வேண்டாம். சொத்தை சின்னது, அதை எடுத்து அடைத்தாகிவிட்டது, முகப்பு எனாமலில் பெரும்பகுதி பத்திரம், ஆறு மாதமாகப் புதுச் சொத்தை இல்லை, ராத்திரி பல்லை நறநறக்கும் பழக்கமும் இல்லை, ஆனாலும் நிறமோ இடைவெளியோ வடிவமோ மனத்தை உறுத்துகிறது. இப்படிப்பட்டவருக்கு அதைவிட நல்லது கிடையாது. அடைப்பு பழையதாக இருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதிதாக அடைத்த பிறகே வெனீர் போடச் சொல்லுங்கள். பழைய அடைப்பின் மேல் ஒட்டு சரியாகப் பிடிப்பதில்லை.

சீவுவதற்கு முன் மாதிரி போட்டுக் காட்டச் சொல்வதும் முக்கியம். பல்லைத் தொடாமலே மேலே தற்காலிகப் பிசினில் புதிய வடிவத்தை அச்சு வைத்துக் காட்டமுடியும். அதைப் போட்டுக்கொண்டு ‘வவ்வால்’ என்று நாலு தரம் சொல்லிப் பாருங்கள். வகரத்துக்குக் கீழுதடு மேற்பல் நுனியைத் தேடி வரும். பல் நீண்டுவிட்டால் முட்டும். முதுகுப்பக்கம் தடித்துவிட்டால் ‘தாத்தா’ குழறும். பேசிப் பிழைக்கிறவர்கள் இதைச் சும்மா விடக்கூடாது. பிளீச் செய்யும் எண்ணமிருந்தால் அதையும் முன்னாலேயே முடிக்கவேண்டும். பீங்கானும் காம்போசிட்டும் பிளீச்சில் வெளுக்காது, பிளீச் செய்த கையோடு ஒட்டினால் ஒட்டும் பிடிக்காது, இரண்டு வாரமாவது விட வேண்டும்.

இன்னொன்று. ஒருமுறை எனாமலைச் சீவினால் சீவினதுதான். முப்பது வயதில் போட்டால் ஆயுளில் இன்னும் ஒருமுறையோ இருமுறையோ அதை மாற்றவேண்டி வரும் என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும். ‘பல்லையே தேய்க்காத வெனீர்’ என்று விற்பது சிறிய பற்கள், இடைவெளி உள்ள பற்கள் ஆகியவற்றுக்குத்தான் பொருந்தும். மற்றவர்களுக்கு உதடு புடைத்துக்கொண்டு நிற்கும். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு வரும் மாட்டிக் கழற்றும் பல் மூடியைச் சொத்தைப் பல்லின் மேல் மாட்டுவது, சோற்றுப் பருக்கையை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

கேப்பும் பூணும்

நான்கு பல்லுக்கும் கேப் என்று சொன்ன இரண்டாவது இடத்துக்கு வருகிறேன். கேப் போட பல்லைச் சுற்றிலும் ஒரு மில்லி, ஒன்றரை மில்லி சீவவேண்டும், நுனியில் இன்னும் கூட. 2002-இல் வெளியான ஓர் ஆய்வு முன்பற்களில் இதை எடைபோட்டே பார்த்தது. வெனீருக்கு, வகையைப் பொறுத்து, ஈறுக்கு மேல் தெரியும் பல்லில் 3 முதல் 30 சதவீதம் வரை போகிறது. முழுக் கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். வலப்பக்கம் வெறும் வெள்ளைக்கோடு மட்டுமே இருந்த பல்லில் மூன்றில் இரண்டு பங்கைச் சீவித் தள்ளுவதை வைத்தியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தச் சாம்பல் பல்லுக்குக் கேப்தான் என்று டாக்டரம்மாவும் சொன்னார். வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்த பல் என்பதாலா என்று கேட்டேன். இல்லையாம். கடைவாய்ப்பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தால் பெரும்பாலும் கேப் வேண்டும், அரைக்கும் பாரத்தில் பிளந்துவிடும். முன்பல்லுக்கு அப்படி விதி இல்லை. மற்றச் சுவர்கள் நன்றாக இருந்தால் பின்பக்க ஓட்டையைக் காம்போசிட்டால் அடைத்தாலே போதும். கருத்திருந்தால் உள்ளே மருந்து வைத்து வெளுக்கச் செய்யலாம். என் பல்லில் முதுகுச் சுவரும் ஒரு பக்கச் சுவரும் சொத்தையில் கரைந்துபோயிருந்தன. அதனால் கேப்.

அப்போதும் அவர் ஒரு அளவுகோலை எடுத்து ஈறுக்கு மேலே மிஞ்சிய பல்லைச் சுற்றிச் சுற்றி அளந்தார். கேப் கவ்விக்கொள்ள, சுற்றிலும் இரண்டு மில்லியாவது நல்ல பல் நிற்கவேண்டுமாம். அவர்கள் அதற்குச் சொல்லும் பேர் ஃபெருல். உளிப்பிடி பிளக்காமல் இருக்க வாயில் ஒரு இரும்பு வளையம் அடிப்போமே, பூண், ஆங்கிலத்தில் அதற்கும் அதே பேர்தான். எனக்கு இரண்டரை மில்லி இருந்தது. அது இல்லாத பல்லில் உள்ளே குச்சி நட்டு மேலே கேப் மாட்டினால், குச்சியோடு கழன்று வரும், இல்லாவிட்டால் வேரைப் பிளக்கும். அந்த நிலைமையில் பல்லை எடுத்துவிட்டு, எலும்பில் செயற்கை வேர் நடும் இம்பிளாண்டைப் பேசுவதுதான் நியாயம். அது இங்கே வேண்டாம், தனிக்கதை.

கேப்பில் எது? உள்ளே உலோகம் வைத்த பீங்கான் கேப் 4,000-க்கே கிடைக்கும், ஆனால் சில வருடத்தில் ஈறு கொஞ்சம் இறங்கினால் விளிம்பில் கருங்கோடு எட்டிப்பார்க்கும். கடைவாய்க்குப் பரவாயில்லை, முன்பல்லுக்கு வேண்டாம். ஜிர்கோனியா இரும்பு மாதிரி உறுதி, பொதுவாக வெளிச்சம் விடுவது குறைவு. முன்வரிசையில் ஒற்றைப் பல்லுக்கு ஈமேக்ஸ் இயல்பாகக் கலக்கும். ஒன்று மட்டும்தான் போடுகிறோம், பக்கத்துப் பல்லோடு சேரவேண்டும் என்பதால் நான் அதையே எடுத்தேன்.

ஒரு இடைச்செருகல். எங்களிடம் வேலை பார்க்கும் தருமபுரிப் பக்கத்துப் பையன் ஒருவன் தன் பல்லும் சொத்தை என்று கூடவே வந்தான். முன்பற்களில் காபித்தூள் தூவினது போலப் பழுப்புத் திட்டு. டாக்டரம்மா பார்த்ததுமே ஊர் எது என்றுதான் கேட்டார். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் சிறுவயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலிலேயே கறை விழும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். அது சொத்தை இல்லை. மேலாக மெருகு தேய்த்தோ, பிசின் ஊடுருவ விட்டோ பார்க்கலாம், ஆழமான கறைக்கு வெனீர். வேடிக்கை என்னவென்றால், எங்கள் இருவரில் வெனீருக்குத் தகுந்த ஆள் அவன்தான். அவனிடம் யாரும் பேக்கேஜ் சொல்லவில்லை.

பில்

நடுப்பற்கள் இரண்டுக்கும் காம்போசிட் அடைப்பு 3,000. சாம்பல் பல்லுக்கு வேர் சிகிச்சை 4,000, உள்ளே ஃபைபர் குச்சி 2,000, ஈமேக்ஸ் கேப் 11,000. வெள்ளைக்கோட்டுப் பல்லில் மிஷினே வைக்கவில்லை, ஃபுளோரைடு வார்னிஷ் பூசி 500. ஆக 20,500. கோரைப்பற்களுக்குச் செலவே இல்லை, அவை பாட்டுக்கு இருந்தன, இருக்கின்றன. இது சேலத்து விலை, சென்னையில் கூடும். கையில் காசில்லை, நேரம் உண்டு என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போகலாம். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள். விலை வெகுவாகக் குறையும், ஆனால் ஒரு சிட்டிங்கில் முடிவது மூன்றாகும்.

சொத்தை எதனால் வந்தது என்பதற்கு என் டீ விஷயத்தையும் சொல்லவேண்டும். சர்க்கரை வாயில் பட்டால் கிருமிகள் அதை அமிலமாக்க, அரை மணி நேரம் போல எனாமலில் இருந்து கால்சியம் கரையும். பிறகு எச்சில் அதை மெல்லச் சரிசெய்யும். நான் ஒரு டம்ளரை ஒரு மணி நேரம் உறிஞ்சினால் எச்சிலுக்கு எப்போது நேரம்? டாக்டரம்மா டீயை விடச் சொல்லவில்லை. “குடிக்கிறதை ஒரே மூச்சா குடிச்சிட்டு, வாயைக் கொப்பளிங்க. ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட்ல தேச்சிட்டு எச்சில மட்டும் துப்புங்க, தண்ணி விட்டு அலசாதீங்க” என்றார். பட்டறையில் இருந்த சிவப்புப் பல்பொடியைத் தூக்கிப் போடச் சொன்னார். அது பல்லுக்கு எண்பதாம் நம்பர் உப்புத்தாள்.

இப்போது பதினாலு மாதம் ஆகிறது. வெள்ளைக்கோடு அப்படியே நிற்கிறது, குழியாகவில்லை. கேப் போட்ட பல் எது என்று வீட்டில் கேட்டால் மனைவி தப்பான பல்லைக் காட்டுகிறாள். தை மாதம் கரும்பைக் கத்தியில் துண்டு போட்டுக் கடைவாயில்தான் வைக்கிறேன். அது மட்டும் கொஞ்சம் வருத்தம். நடுப்பல் அடைப்பில் விளிம்போரம் முடி இழை மாதிரி ஒரு டீக் கறை ஏறியிருக்கிறது. வியாழக்கிழமை போய்ப் பாலிஷ் போட வேண்டும், ஐந்நூறு ரூபாய் என்றார்கள்.